அந்த இருமல் யாருடையது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. பெயர் மணி. முதலில் கூடத்தில்தான் கூண்டு இருந்தது. பெரியவனுக்குப் படிப்புச் சுமை கூடியதும் அது கத்துவதைத் தாங்க முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் கூண்டை அம்மாவின் அறைக்கு மாற்றிவிட்டோம், அங்கே யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போது மணி நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது, தோல் தெரிகிறது. கத்தலும் குறையவில்லை. கூண்டெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது, விதையும் தண்ணீரும் நேரத்துக்கு வைக்கப்படுகிறது. போன் மணி, கதவுச் சத்தம் எல்லாம் அப்படியே செய்யும். இப்போதெல்லாம் வயதானவர் மாதிரி இருமவும் செய்கிறது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. துணை இல்லாமல் ஏங்குகிறதா? இன்னொரு கிளி வாங்கலாமா, இல்லை இதை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, இறகு பிடுங்கும் கிளிகளைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் எல்லாரும் கேட்பது இதைத்தான்: இன்னொன்று வாங்கலாமா, இதைக் கொடுத்துவிடலாமா. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டிலேயே சேர்த்திருப்பேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். வயதானவர் மாதிரி இருமுகிறது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவையாவது படித்தீர்களா?

அது கிளிக்கு வந்த இருமலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நாம் நெஞ்சைக் குலுக்கி இருமுவதுபோல அவற்றால் இரும முடியாது. மூச்சுக்கோளாறு வந்த கிளி வாயைத் திறந்து மூச்சு விடும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும், மூக்கு ஒழுகும், குரல் மாறும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இதில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. வயதானவர் மாதிரி இருமுகிறது என்றுதான் சொல்கிறீர்கள். எட்டு மாதமாக அது இருப்பது உங்கள் அம்மாவின் அறையில். வயதானவர் மாதிரி என்று எழுதிய அந்தக் கைக்கு, அதே அறையில் வயதானவர் ஒருவர் இருக்கிறார் என்பது தோன்றவே இல்லையே, ஏன்?

சாம்பல் கிளி காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வதில்லை. தன் கூட்டம் என்று யாரை நினைக்கிறதோ அவர்கள் எழுப்பும் சத்தத்தை, அதுவும் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் சத்தத்தைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-இல் கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியோடு, 2007-இல் அது இறக்கும்வரை முப்பது வருடம் வேலை செய்தார். சொல்லிக்கொடுத்த விதம் வேடிக்கையானது. கிளியின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள், ஒருவர் பொருளைக் காட்டிப் பெயர் கேட்பார், மற்றவர் சரியாகச் சொன்னால் பொருள் அவர் கைக்குப் போகும். பார்த்துக்கொண்டிருக்கும் கிளி தானும் அந்தப் பேச்சுக்குள் நுழையப் பார்க்கும். அப்படித்தான் அது நூறுக்கு மேல் சொற்களைப் படித்தது, நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொன்னது. அதாவது கிளி சத்தம் போடக் கற்பது நம்மோடு சேர்ந்துகொள்ளத்தான். உங்கள் மணியும் அதைத்தான் செய்திருக்கிறது. நாளெல்லாம் அந்த அறையில் அதனோடு இருக்கும் ஒரே ஆள் உங்கள் அம்மா, அவரிடமிருந்து அடிக்கடி வரும் சத்தம் இருமல். கிளியே பாடமாக்கிவிடும் அளவுக்கு அம்மா இருமியிருக்கிறார் தம்பி. நீங்களோ கிளி இருமினால்தான் கவனிக்கிறீர்கள்.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றீர்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், கிளி இருமினால் சிரிப்பு வரும்தான். ஆனால் அவர்கள் சிரிக்கும்போது பாட்டி எங்கே இருக்கிறார்? அதே அறையில், அதே கட்டிலில். தன்னுடைய இருமலைக் கேட்டு வீடே சிரிக்கிறது என்பது அவருக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களா?

அப்புறம் அந்த இன்னொரு சொல். கூடத்தில் வைத்தால் கத்தல் தாங்கவில்லை, அம்மாவின் அறையில் வைத்தால் 'யாருக்கும் தொந்தரவு இல்லை'. உங்களால் தாங்க முடியாத சத்தத்தை அம்மாவின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நிம்மதியாக எழுதுகிறீர்கள். மகன் படிக்க அமைதி வேண்டும், நியாயம். அம்மா தூங்க அமைதி வேண்டாமா? கேட்டால் எனக்குப் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதானே கேட்டிருப்பீர்கள், ஒருவேளை கேட்கக்கூட இல்லையோ என்னவோ. பெற்றவர்கள் பரவாயில்லை என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு அதில் பொறுமை கிடையாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிளி வகைகளிலேயே சாம்பல் கிளி, காக்கட்டூ, காக்கட்டீல் மூன்றும் உடம்பிலிருந்து மாவு போன்ற வெள்ளைத் தூளை நிறையக் கொட்டுபவை. இறகுகளைப் பாதுகாக்க இயற்கை கொடுத்தது அது. இன்றைக்கே அம்மாவின் அறைக்குப் போய், கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கறுப்புப் பொருளை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டும் தூளைத்தான் அம்மா எட்டு மாதமாக இரவும் பகலும் சுவாசித்துக்கொண்டிருக்கிறார், மணியின் கத்தல் வெளியே கேட்கக்கூடாது என்று நீங்கள் கதவையும் சாத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம். இந்தத் தூளும் காய்ந்த எச்சத்தின் தூசியும் சிலருடைய நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். பறவை வளர்ப்பவர் நுரையீரல் என்றே அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு. வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, அசதி, உடம்பு இளைப்பது என்று மெல்ல மெல்ல வரும், வயதாகிவிட்டது அதனால்தான் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்து விலக்கினால் பெரும்பாலும் தேறிவிடலாம். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

சிட்டகோசிஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, கிளிகளிடமிருந்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல். பார்க்க நன்றாக இருக்கும் கிளிகூட அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். தக்க ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும், ஆனால் மருத்துவர் அதை நினைத்துப் பார்த்தால்தானே கொடுப்பார்.

உங்கள் அம்மாவுக்கு இதில் ஏதாவது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. இருமலுக்கு நூறு காரணம் உண்டு, வெறும் சளியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அவரை அழைத்துக்கொண்டு போய், வாயைத் திறந்து 'வீட்டில் சாம்பல் கிளி இருக்கிறது, எட்டு மாதமாக அம்மா படுக்கும் அறையிலேயே இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் என்ன பறவை என்று எல்லா மருத்துவரும் கேட்பதில்லை.

கூண்டெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது, விதை நேரத்துக்கு வைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, யார் சுத்தம் செய்கிறார்கள்? யார் வைக்கிறார்கள்? வீட்டில் ஒரு வேலை தானாக நடக்கிற மாதிரி ஒருவர் எழுதினால், அதை அவர் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். கூண்டு அம்மாவின் அறையில், அதனால் தட்டைத் தட்டுவதும் காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவதும் அம்மாதான் என்று நினைக்கிறேன். தூசி அதிகம் பறக்கும் நேரமே அதுதான். நாளையிலிருந்து அந்த வேலை உங்களுடையது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், காகிதத்தையும் தட்டையும் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள், காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.

கூண்டு இன்றிரவே அம்மாவின் அறையை விட்டு வெளியே வர வேண்டும். கூடத்துக்கே வரட்டும், ஒரு பக்கம் சுவர் இருக்கும்படி, ஜன்னல் வெளிச்சம் கிடைக்கும்படி. அவசரத்தில் சமையலறையில் வைத்துவிடாதீர்கள். ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரம் அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை, மனிதர்களுக்கு வாசனைகூடத் தெரியாத அளவில் இருந்தாலும், சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கூடத்துக்கு வந்த பிறகும் தூள் தூள்தான், காற்று வடிகட்டி ஒன்று வைக்க முடிந்தால் வையுங்கள், மணிக்கு வாரத்தில் மூன்று நாலு தடவை காலையில் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துக் குளிக்க விடுங்கள். தூளும் அடங்கும், வறண்ட தோலுக்கும் நல்லது.

இறகு பிடுங்குவதைக் கேட்டீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள், தோலிலோ உள்ளேயோ நோய் இருந்தாலும் பிடுங்கும். நோய் இல்லை என்றால் மீதி வீட்டில்தான். விதை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். விதையை மட்டும் தின்னும் கிளிக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ கிடைக்காது, சாம்பல் கிளிக்குக் கால்சியமும் சீக்கிரம் குறைந்துவிடும். கிளிகளுக்கென்றே தயாரிக்கும் பெல்லட் தீனி, கேரட், கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும். அவகாடோவும் சாக்லேட்டும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டுத் தூக்கம் அதற்கு வேண்டும். இத்தனை நாள் அம்மாவின் இருமல் மணியைத் தூங்க விட்டிருக்காது, விடியற்காலையில் மணியின் கத்தல் அம்மாவைத் தூங்க விட்டிருக்காது. இரண்டு பேரையும் ஒரே அறையில் அடைத்து ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுக்க வைத்திருக்கிறீர்கள்.

கத்துவது ஏன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன். காட்டில் கூட்டத்தைவிட்டு விலகும் கிளி 'எங்கே இருக்கிறீர்கள்' என்று குரல் கொடுக்கும், மற்றவை 'இங்கே' என்று பதில் கொடுக்கும். பதில் வராவிட்டால் சத்தம் கூடும். நீங்கள் என்ன செய்தீர்கள்? கூப்பிட்ட ஒன்றை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். மெல்லக் கூப்பிடும்போதே வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு விசில் அடித்துப் பதில் சொல்லுங்கள், அந்தச் சத்தம் போதும் என்று அது கற்றுக்கொள்ளும். மகன் படிக்கும் நேரத்தில் கடித்துக் குதற மரத்துண்டு, அட்டை கொடுங்கள், தீனியைக் காகிதத்தில் சுருட்டி வையுங்கள். முழு மௌனம் வேண்டும் என்றால் மீன் வளர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு கிளி வாங்காதீர்கள். இரண்டும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, தூள் இரண்டு மடங்காகும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் உண்டு. இவற்றைக் காட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே எண்ணிக்கை சரிந்ததால்தான், 2017 ஜனவரியிலிருந்து காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளை நாடு விட்டு நாடு வியாபாரத்துக்குக் கொண்டுபோவது தடை செய்யப்பட்டது. ஏங்குகிறது என்று ஒன்று, அது ஏங்கினால் இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே போகும் பொருள் இல்லை இது.

கொடுத்துவிடலாமா என்றால், கத்துகிறது, அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகக் கொடுக்கக்கூடாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது வருடம் இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் வாங்கும்போதே அதற்கெல்லாம் சேர்த்துத்தான் நீங்கள் பொறுப்பேற்றீர்கள். ஆனால் மருத்துவர் பரிசோதித்துவிட்டு அம்மாவின் நுரையீரலுக்கு இந்தப் பறவைதான் ஆகவில்லை என்று சொன்னால், அன்றைக்கே யோசிக்காமல் வேறு வீடு தேடுங்கள். கிளியை நேசிப்பவள்தான் நான், இருந்தாலும் அம்மாவின் மூச்சுக்குப் பிறகுதான் மணி. பகலில் ஆள் இருக்கும் வீடாக, முன்பு பெரிய கிளி வளர்த்த கையாகப் பாருங்கள். மணி எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், எப்போது தூங்கும் என்று எழுதிக் கொடுங்கள், அந்தப் பட்டியலை அம்மாவைக் கேட்டுத்தான் உங்களால் எழுத முடியும்.

கூண்டை வெளியே எடுத்த பிறகு அம்மாவின் அறை வெறிச்சென்று இருக்கும். இத்தனை நாள் அவர் இருமினால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை கூடத்தில் கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், பிள்ளைகளும் அங்கேயே உட்காரட்டும். சரி, இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாளாக இருமல் என்றுதான் அவர் முதலில் கேட்பார். போவதற்கு முன் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.