மைனஸ் பூஜ்ஜியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எலெக்ட்ரிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இம்பீடன்ஸ் (ஏசி மின்சாரத்துக்குக் காயில் காட்டும் மொத்தத் தடை) கணக்குப் போட பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். மேத் மாட்யூலில் -4க்கு வர்க்கமூலம் கேட்டால் வேல்யூ எரர் என்று நின்றுவிடுகிறது. கலப்பெண்களுக்கான சிமேத் மாட்யூலில் கேட்டால் 2ஜே தருகிறது (ஜே என்பது -1இன் வர்க்கமூலம், அது சேர்ந்த எண்தான் கலப்பெண்). சரி என்று விட்டேன். பிறகு 4+0ஜே என்ற எண்ணை எக்ஸில் வைத்து, மைனஸ் எக்ஸுக்கு வர்க்கமூலம் கேட்டேன். -2ஜே வருகிறது! -4ம் மைனஸ் எக்ஸும் சமமா என்று பைத்தானையே கேட்டால் 'ட்ரூ' என்கிறது. சமமான எண்ணுக்கு எப்படி இரண்டு விடை? எது பிழை? அப்புறம், மேத், சிமேத் என்று எதற்கு இரண்டு கடை?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பிழை எதுவும் இல்லை. மைனஸ் எக்ஸை அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள், -4-0ஜே என்று வரும். நீங்கள் நேராகக் கொடுத்த -4 உள்ளே போகும்போது -4+0ஜே ஆகிறது. எக்ஸுக்கு முன்னால் மைனஸ் போட்டாலோ பைத்தான் இரண்டு பகுதியின் குறியையும் திருப்பிவிடும். 4 போய் -4 வரும், பூஜ்ஜியம் போய் மைனஸ் பூஜ்ஜியம் வரும். பள்ளிக்கூடக் கணக்கில் அப்படி ஒன்று கிடையாது. கணினியின் தசம எண்களில் உண்டு. கணினி இந்த எண்களை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லும், 1985ல் வந்த ஐஇஇஇ 754 தரத்திலேயே பூஜ்ஜியத்துக்குக் குறி இருக்கிறது. ஒப்பிட்டுக் கேட்டால் இரண்டும் சமம் என்றுதான் பதில் வரும். குறி மட்டும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்தத் தரத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு கணினி அறிஞர் வில்லியம் கஹானுடையது. பூஜ்ஜியத்துக்குக் குறி தேவை என்று அவர் வாதாடியதற்கு உங்களுக்கு வந்த இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

என்ன சிக்கல்? கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981ல்தான் மறுபடி லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் சிறுவயதில் நான் பார்த்தது மூலவர் இல்லாத கோயில். பாட்டி அப்போதும் சுற்றி வருவார். "உள்ளேதான் யாருமில்லையே?" என்று கேட்டால், "சுத்தறதுக்கு என்ன?" என்பார்.

லாகரிதம் எனக்குப் புரிந்ததே பாட்டியை வைத்துத்தான். கலப்பெண்களை ஒரு வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் பூஜ்ஜியம், கிழக்கே பிளஸ் எண்கள், மேற்கே மைனஸ் எண்கள், வடக்கே ஜே, தெற்கே மைனஸ் ஜே. பூஜ்ஜியத்தில் லாகுக்கு மதிப்பே கிடையாது, சிமேத்தும் அங்கே எரர்தான் தரும். ஆனால் அந்தக் காலி இடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் லாகின் மதிப்பில் 2 பை ஜே கூடியிருக்கும். நிற்பதென்னவோ புறப்பட்ட அதே இடம்தான். வர்க்கமூலம் ஒரு சுற்றுக்குக் குறி மாறும், இன்னொரு சுற்று வந்தால்தான் பழைய விடை திரும்பும். (கணிதக்காரர்கள் சுற்றுவது அப்பிரதட்சிணம். கிழக்கில் தொடங்கி வடக்கு வழியாக மேற்கே போவார்கள். பாட்டி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.)

ஃபங்ஷனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால், இது எத்தனையாவது சுற்று என்று அதற்குத் தெரியாது. ஒரு விடைதான் தர முடியும். அதனால் எங்கேயாவது ஒரு சுவர் எழுப்பியாக வேண்டும். வழக்கமாக அதை எழுப்புவது மேற்கே, மைனஸ் எண்கள் வரிசையாக நிற்கும் கோட்டில். கிழக்கு பார்த்த சிவன் கோயிலில் லிங்கோத்பவர் இருக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து அளந்தால், வடக்கு வழியாக வந்து சுவரைத் தொட்டவருக்குக் கோணம் 180 டிகிரி, தெற்கு வழியாக வந்தவருக்கு -180. உங்கள் -4 அந்தச் சுவர் மேலேயே நிற்கிறது. எந்தப் பக்கமாக வந்து ஏறியது என்பதைப் பூஜ்ஜியத்தின் குறிதான் சொல்கிறது. வர்க்கமூலம் எடுத்தால் கோணம் பாதியாகும்: 90 அல்லது -90. 2ஜே, -2ஜே வந்தது இப்படித்தான்.

இந்தச் சுவரில் நானும் முட்டிக்கொண்டிருக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, ஃபேஸ் கோணங்களின் சராசரி எடுக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு ரீடிங் 178, அடுத்தது -178. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் திசை. கூட்டி இரண்டால் வகுத்தேன், பூஜ்ஜியம் வந்தது. அதாவது நேர் எதிர்த்திசை. மீட்டரைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், ரீடிங் எடுத்த பையனைக்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் போனது. கோணங்களைக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் நீளம் 1 உள்ள கலப்பெண்ணாக ரெக்ட் ஃபங்ஷனால் மாற்றி, அந்த எண்களைக் கூட்டி, கடைசியில் கோணம் சொல்லும் ஃபேஸ் ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். அப்போதுதான் 180ஐ ஒட்டிய விடை வரும்.

இரண்டு கடை விஷயம். மேத் எரர் கொடுப்பது நல்லதற்குத்தான். நீளம், எடை, கூலி என்று கணக்குப் போடுகிறவருக்கு வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தால், பெரும்பாலும் எங்கேயோ தப்பாக டைப் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு 2ஜே என்று கொடுத்தால் அது பத்து வரி தாண்டிப் போய் வேறெங்கோ வெடிக்கும். சிமேத்தின் வர்க்கமூலமோ எப்போதும் கலப்பெண்தான் தரும். 4ஐக் கொடுத்தாலும் 2+0ஜே. அதை எடுத்து எது பெரியது, எது சிறியது என்று ஒப்பிட்டால் டைப் எரர்.

உங்கள் வேலைக்கு இரண்டும் தேவைப்படும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் 6 ஓம், ரியாக்டன்ஸ் 8 ஓம் என்றால் 6+8ஜே என்று எழுதுங்கள். ஆப்ஸ் போட்டால் அதன் அளவு, அதாவது இம்பீடன்ஸ், 10 ஓம், அதற்கு எந்த மாட்யூலும் வேண்டாம். சிமேத்தின் ஃபேஸ் சுமார் 0.927 என்று ரேடியனில் சொல்லும். மேத்தில் இருக்கும் டிகிரீஸ் அதை 53.13 ஆக்கும். அந்தக் கோணத்தின் கொசைன்தான் பவர் ஃபேக்டர், 0.6. கெப்பாசிட்டர் போட்டால் லைன் ஆம்பியர் இறங்கும் என்பதை அப்பா டங் டெஸ்டரில் எத்தனையோ முறை பார்த்திருப்பார், அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் புரோகிராமில் சரிபாருங்கள்.

இன்னொன்று. மூன்று ஃபேஸ் என்பது 1இன் கனமூலங்கள் மூன்றும்தான். கோணம் 0, 120, -120. போர் மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வருகிறது என்று யாராவது வந்து நின்றால் அப்பா என்ன செய்வார்? சுற்று மாறி ஓடுகிறது என்று இரண்டு ஒயரை மாற்றிப் போடுவார். 120ம் -120ம் இடம் மாறிக்கொள்ளும். பைத்தானில் அதன் பெயர் கான்ஜுகேட்: ஜேயின் குறியை மாற்றுவது.