மச்சானுக்குப் போன ஜிஎஸ்டி பணம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பி.வி.சி. பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் இங்குள்ள தென்னந்தோப்புக்காரர்களோடு, மீதி கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். மாதம் ஒன்பது லட்சம் ஓடும். எல்லா பில்லிலும் ஜிஎஸ்டி போட்டுத்தான் விற்கிறேன். என் மனைவியின் அண்ணன் கொப்பரைக் களம் நடத்துகிறார். மாதம் 20ஆம் தேதி கட்ட வேண்டிய வரிப் பணத்தை ரொட்டேஷனுக்கு என்று வாங்கிப்போவார், பத்து நாளில் திருப்பித் தருவார். ஐந்து மாதமாகத் தரவில்லை. நானும் ரிட்டர்ன் போடவில்லை. போன வாரம் நோட்டீஸ் வந்துவிட்டது. மச்சானைக் கேட்டால், "கவர்மென்ட் நெனச்ச மாதிரியெல்லாம் வரி வாங்க முடியாது, கோர்ட்டே அடிச்சிருக்கு. கொச்சி ஹைகோர்ட்டுல ரிட் மனு போடலாம். இல்லீன்னா சமாதான் திட்டம் வரும், பொறுங்க" என்கிறார். ஒரு ஆப்பில் உடனடிக் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். வங்கியில் வேறு, வருடம் ஒரு லட்சம் கட்டினால் வரியே இல்லாத உத்தரவாத வருமானம் என்று ஒரு திட்டத்தை வற்புறுத்துகிறார்கள். சரக்கு கொண்டுபோகத் தேவையான ஈ-வே பில் எடுக்க முடியாததால் லோடை இரண்டு பில்லாகப் பிரித்து அனுப்புகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: ஜிஎஸ்டி என்றால் என்ன, மாத ரிட்டர்னான 3பி எப்போது போட வேண்டும் என்றெல்லாம் பில் போட்டு விற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடைக்கு நோய் எதுவும் இல்லை. 20ஆம் தேதி வரை கல்லாவில் கிடக்கும் வரிப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுக்கும் பழக்கம்தான் நோய். அது சொந்தக்காரர் வடிவத்தில் வந்ததால் உங்களுக்குக் கடனாகத் தெரியவில்லை.

முதலில் மச்சானின் சட்டத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் நீங்கள் ஐந்து மாதம் மயங்கியிருக்கிறீர்கள்.

அரசு நினைத்தபடி வரி வாங்க முடியாது என்பது நிஜம். அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. அமைச்சர் மேடையில் சொன்னார், அதிகாரி வாய்மொழியாகக் கேட்டார் என்பதெல்லாம் செல்லாது. சட்டசபையோ நாடாளுமன்றமோ சட்டம் போட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் போடும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டும்தான். மத்திய அரசு தொட முடியாது. மனிதர் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே மாநிலத்தின் கையில் இருக்கிறது. உங்கள் சித்தூர் வட்டத்துக் கள்ளுக்கு ஜிஎஸ்டி பில் இல்லாததற்கு அதுவே காரணம். மாநில எல்லையும் ஒரு வரம்பு. 2023இல் கேரளம் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது. கோபாலபுரம் தாண்டி டேங்க் நிரப்பிக்கொண்டு வருகிறவரிடம் அந்த 2 ரூபாயைக் கேட்க அதற்கு வழியில்லை.

கோர்ட் அடித்த கதையும் உண்மை. அதிலும் மிகப் பிரபலமான ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டத்தின்படி எந்த நிலமானாலும் ஏக்கருக்கு 2 ரூபாய் வரி. வயலா, தோப்பா, விளைச்சலே இல்லாத காடா என்ற கேள்வி கிடையாது. மன்னார்க்காட்டு மூப்பில் நாயருக்குப் பெரும் காடு இருந்தது. அதிலிருந்து வந்த வருமானம் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்ச் சொச்சம்தான், கேட்ட வரி ஐம்பதாயிரத்துக்கு மேல். 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சமமில்லாதவர்களை ஒரே தட்டில் வைப்பது 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆட்சேபம் சொல்லவோ, கணக்கைக் காட்டவோ, மேல்முறையீடு செய்யவோ வழியே வைக்காமல் வரி விதித்ததையும் கண்டித்தது. வரிச் சட்டம் என்பதற்காக அது அடிப்படை உரிமைகளுக்கு மேலே போய்விடாது என்பது அன்று உறுதியானது. ஆனால் மச்சான் சொல்லாத பின்கதை ஒன்று உண்டு: அடுத்த ஆண்டே, 1961இல், கேரளம் புதிய நிலவரிச் சட்டம் கொண்டுவந்தது. கோர்ட் ஒரு சட்டத்தை அடித்தால் வரியே ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குறையைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவருவார்கள்.

இதில் எந்த வரம்பு உங்களுக்குப் பொருந்துகிறது? ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டி போட மத்திய அரசு, மாநிலம் இரண்டுக்கும் 2016இன் 101ஆவது திருத்தம் வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்கிறது. விகிதம் தவறு என்று நீங்கள் சொல்லவில்லை. பைப்புக்கு 18 சதவீதம் போட்டு, வாங்கியவரிடம் காசும் வாங்கி, பெட்டியிலும் போட்டுவிட்டீர்கள்.

இன்னும் ஒருபடி போகிறேன். நாளைக்கே அந்த வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பணம் உங்களுக்கு வராது. ஜிஎஸ்டி சட்டத்தின் 76ஆம் பிரிவைப் பாருங்கள்: வரி என்று சொல்லி யாரிடம் எதை வாங்கினாலும், அந்தச் சரக்குக்கு வரி உண்டோ இல்லையோ, வாங்கியதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். செல்லாத வரியைத் திருப்பிக் கேட்பதற்கும் 1996இல் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து வரையறை சொல்லிவிட்டார்கள். சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்டவருக்கு ரீஃபண்ட் இல்லை. மூப்பில் நாயர் தன் பையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது, அதனால் வழக்காடினார். நீங்கள் கட்டவேண்டியது தோப்புக்காரர் பையிலிருந்து வந்த காசு. அதை வைத்துக்கொண்டு ரிட் போட்டால் நீதிபதி கேட்கும் முதல் கேள்விக்கே வக்கீலிடம் பதில் இருக்காது. ஃபீஸ் மட்டும் போகும்.

சமாதான் திட்டம்? 2024இல் வந்தது 2017-18 முதல் 2019-20 வரையிலான பழைய நிலுவைகளுக்கு. அதிலும் வட்டியும் அபராதமும்தான் தள்ளுபடி, அசல் வரி முழுதும் கட்ட வேண்டும். உங்கள் ஐந்து மாதத்துக்கு அதில் இடமில்லை. இனி எப்போதோ வரும் என்று காத்திருக்க உங்களிடம் நாள் இல்லை.

கணக்கைக் கரடுமுரடாகப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது லட்சம் விற்பனைக்கு வரி 1,62,000. கொள்முதலில் நீங்கள் கட்டிய வரி, அதாவது இன்புட், 1,39,000 என்று வைத்துக்கொள்கிறேன். அது போக மாதம் கட்ட வேண்டியது சுமார் 23,000. ஐந்து மாதத்துக்கு 1,15,000. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். பழையது ஐந்து மாதம், புதியது ஒரு மாதம், சராசரி மூன்று மாதம் என்றால் ஐயாயிரத்துச் சொச்சம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பதால் ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 2,000. ஐந்து ரிட்டர்னுக்கும் சேர்த்துக் கட்டணம் 9,500 அளவில் நிற்கும். ஆகமொத்தம் 1,30,000.

இது இன்றைய கணக்கு. வந்திருப்பது ரிட்டர்ன் போடச் சொல்லும் 3ஏ நோட்டீஸாகத்தான் இருக்கும், அதற்குப் பதினைந்து நாள் கெடு. ஒரு வாரம் போய்விட்டது. கெடு தாண்டினால் அதிகாரி தன் மதிப்பீட்டில் உத்தரவு போடலாம். அவர் இன்புட்டைக் கழிக்காமல் போட்டுவிட்டார் என்று வையுங்கள், 1,15,000 என்பது 8,10,000 ஆகி நிற்கும். (அப்படி வந்தாலும் பதறி யாரிடமும் ஓடாதீர்கள். உத்தரவு வந்த 60 நாளுக்குள் முறையான ரிட்டர்ன் போட்டால் அது தானாக விலகும். அரசின் கைக்குச் சட்டம் வைத்த வரம்பு என்றால் இது, உங்களுக்கு நிஜமாகப் பயன்படுவது.) தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் இல்லையென்றால் பதிவையே ரத்து செய்யலாம். ஐந்து முடிந்துவிட்டது. அது வரிக் கோரிக்கை உத்தரவாக முற்றினால் பத்து சதவீதமோ 10,000 ரூபாயோ, எது அதிகமோ அது அபராதமாகச் சேரும். தவணை கேட்கலாமே என்று உங்கள் ஆடிட்டர் சொல்லக்கூடும். ரிட்டர்னில் நீங்களே ஒப்புக்கொண்ட வரிக்குத் தவணை வசதி கிடையாது.

எனவே இந்த வாரமே கட்டிவிடுங்கள். மச்சான் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஆப் கடன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். மாதம் இரண்டு சதவீதம் ஃபிளாட் (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி) என்று அவர்கள் சொல்வது, பன்னிரண்டு தவணையில் குறைந்துகொண்டே போகும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 41, 42 சதவீதம். வங்கியில் நகைக்கடன் பத்து சதவீதம் என்றே வைத்தாலும் 1,30,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 1,100 ரூபாய்தான். மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு அளவில் கட்டினால் ஒரு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

நகை உங்கள் மனைவியுடையது, பணம் வாங்கியவர் அவருடைய அண்ணன். மனைவிக்குத் தெரியாமல் எதையும் அடகு வைக்காதீர்கள். இந்த ஐந்து மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். அண்ணனிடம் கேட்கும் வேலையை நீங்கள் செய்வதைவிட அவர் செய்தால் பலன் அதிகம் என்பது என் கணிப்பு. மச்சானிடமிருந்து 1,15,000க்கு ஒரு கடன் பத்திரம் எழுதி வாங்குங்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் அவர் பங்கு என்று அதிலேயே இருக்கட்டும். கொப்பரை விலை ஏறினதும் தருகிறேன் என்பார். தேதி போட்டுக் கேளுங்கள்.

இனி இந்தப் பணம் கல்லாவில் தங்கவே கூடாது. ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்களுக்கு ஒரு ரொக்கப் பேரேடு இருக்கிறது, கேஷ் லெட்ஜர். 20ஆம் தேதிவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐயாயிரம், ஆறாயிரம் என்று அதில் கட்டிவிடுங்கள். கெடு தேதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்த தொகைக்கு, ரிட்டர்ன் நாலு நாள் தள்ளிப்போனாலும் வட்டி இல்லை. இதைவிடப் பெரிய லாபம், அங்கே போட்டதை ஏ.டி.எம்.மில் எடுக்க முடியாது. ரீஃபண்ட் மனு போட வேண்டும். மச்சான் வந்து நின்றால் "போர்ட்டல்ல கட்டீட்டனுங்க" என்று பொய் சொல்லாமலே சொல்லலாம். அவருக்கு உதவத்தான் வேண்டுமென்றால் உங்கள் லாபத்திலிருந்து, போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

வங்கிக்காரர் சொல்லும் திட்டம் வேண்டாம். கையில் 18 சதவீத வட்டி ஓடும்போது, ஐந்தோ ஆறோ சதவீதம் தரும் காப்பீட்டுப் பாலிசியில் வருடம் ஒரு லட்சம் முடக்குவது எனக்குப் புரியவில்லை. "வரியே இல்லை" என்ற வாக்குறுதியை வங்கி தர முடியாது. வரி விலக்கு என்பது நாடாளுமன்றம் கொடுப்பது, வேண்டாமென்றால் எடுத்துக்கொள்வது. 2021 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் பிரீமியம் போன யூலிப்புகளுக்கும் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீடு), 2023 ஏப்ரல் முதல் 5 லட்சத்துக்கு மேல் பிரீமியம் கட்டும் மற்ற புதிய பாலிசிகளுக்கும் விலக்கு போனது. உங்கள் ஒரு லட்சம் இன்று அந்த வரம்புக்குள் இருக்கலாம். வாங்குவதற்கு அது ஒரு காரணமல்ல.

கடைசியாக, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய லோடு விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வாக்கியம் அதுதான். இரண்டு மாதம் ரிட்டர்ன் இல்லையென்றால் ஈ-வே பில் அடைபடும், அதைத் தாண்ட 50,000க்குக் கீழே பிரித்து பில் போடுகிறீர்கள். ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே நாள். ஜிஎஸ்டி வந்தபின் வாளையாறு வரிச் சோதனைச் சாவடியோடு மற்றவையும் மூடப்பட்டதால் ரோட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ணுகிறீர்கள். பறக்கும் படை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தும். 80,000 ரூபாய் லோடு பிடிபட்டால் வரி 14,400, அபராதம் அதைப்போல் இரு மடங்கு, 28,800. கட்டும்வரை வண்டி அங்கேயே நிற்கும். ஐந்து ரிட்டர்னும் ஏறி ஈ-வே பில் திறக்கும்வரை, 50,000க்கு மேல் ஆர்டர் எதுவும் கோபாலபுரம் தாண்ட வேண்டாம். பொள்ளாச்சி வாடிக்கையாளரிடம் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.