வாசகர் கேள்வி பதில்: ஊர்ல ஃப்ளூ, வீட்ல ஷூட்டிங்

கேள்வி: எங்க வீட்டை ஒரு டிராவல் போட்டி ஷோவுக்கு மூணு நாள் கேட்டிருக்காங்க. ஜோடி ஜோடியா ஓடி வந்து டாஸ்க் செய்வாங்களாம். அட்வான்ஸும் வாங்கியாச்சு. வீட்ல மாமியார் இருக்காங்க, இப்போ தெருவுல பாதிப் பேருக்கு ஃப்ளூ காய்ச்சல். ஷூட்டிங் நின்னு போயிருமா? - ஒரு வாசகி, கானாடுகாத்தான்

ஆச்சி, நான் பத்து வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம் ஷூட்டிங் மேனேஜரா சுத்தினவன், அதனால சினிமாவை வச்சே சொல்றேன். சினிமாவுல ஹீரோவுக்கு காய்ச்சல்னா யாரும் பதற மாட்டாங்க, முகப்புல எடுக்க வேண்டிய சீனை தள்ளி வச்சிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் இரண்டாங்கட்டுல அம்மா கேரக்டர் அரிசி புடைக்கிற சீனை எடுத்துட்டு போயிருவாங்க, எந்த சீனை எப்ப எடுத்தாலும் எடிட்டிங்ல ஒட்டிக்கலாம்ல. ரேஸ் ஷோவுல அது நடக்காது. யார் முதல்ல வந்தா, யார் கடைசில வந்து வெளியே போனாங்கறதுதான் அங்க கதையே, அதனால இன்னைக்கு நடக்க வேண்டியது இன்னைக்குத்தான் நடக்கணும், நாளைக்குள்ளதை முன்னாடி இழுக்கவும் முடியாது. ஃப்ளூ அடிக்கிறது சரியா இந்த இடத்துலதான்.

ஓடுறது ரெண்டு பேர்னு நாம நினைக்கிறோம், கூடவே ஒரு கேமராமேன், ஒரு சவுண்ட்காரர். ஆக நாலு பேரும் டிரைவரும் ஒரே காருக்குள்ள, ஏசி போட்டு கண்ணாடி ஏத்திட்டு மதுரை ஏர்போர்ட்லருந்து கானாடுகாத்தான் வரைக்கும் ரெண்டு மணி நேரம் மூச்சு விட்டுக்கிட்டு வர்றாங்க. ஃப்ளூ கிருமி உள்ள போய் 1 முதல் 4 நாள் கழிச்சுதான் காய்ச்சலே தெரியும், ஆனா தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு பரப்ப ஆரம்பிச்சிரும். அதான் நெத்தியில காய்ச்சல் மெஷின் காட்டி உள்ள விடறதை நான் பெரிசா நம்பறதில்ல, பாராசிட்டமால் போட்டவரும் தாண்டி வந்துருவார், நாளைக்கு காய்ச்சல் வரப் போறவரும் தாண்டி வந்துருவார்.

இதோட நம்ம ஊர் ஆளுங்களையும் சேர்த்துக்கோங்க. ஆத்தங்குடி கல்லு, அதான் தரைக்குப் போடற டைல்ஸ், அதை ஊத்தற டாஸ்க்னு வைங்க, கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட்டை ஊத்த கை பழகின ஆள் பக்கத்துல நின்னு காட்டணும். முதல்ல வந்த ஜோடிக்கு அவர் காட்டிக் கொடுத்துட்டு, மத்தியானம் காய்ச்சல்னு வீட்டுக்குப் போயிட்டார், கடைசி ஜோடிக்கு புதுப் பையன் காட்டறான். போட்டி நியாயமா நடந்துச்சுன்னு எப்படி சொல்றது? பனை ஓலைக் கூடை, நம்ம கொட்டான் பின்ற டாஸ்க்னாலும் இதே கதைதான். ஒரே சட்டியில எல்லாரும் கை விடற சாப்பாட்டு டாஸ்கைத்தான் முதல்ல தூக்குவாங்கன்னு நினைக்கிறேன்.

நீங்க கவலைப்பட வேண்டியது நிக்கிறதை விட தள்ளிப் போறதைப் பத்தி. பங்காளிங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கறதுக்குள்ள எவ்வளவு பாடு பட்டிருப்பீங்கன்னு தெரியும், தேதி தள்ளி அது முன்னோருக்குப் படைக்கிற படைப்பு நேரத்துலயோ கல்யாண சீசன்லயோ வந்து விழுந்தா வீடு நிறைய உங்க சொந்தக்காரங்க இருப்பாங்க, அவங்களை எங்க அனுப்புவீங்க? அதனால தேதி தள்ளினா என்ன, ரத்தானா என்ன, அட்வான்ஸ் யாருக்குன்னு மூணையும் தனித்தனியா எழுதி வாங்கிருங்க. கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்னு நம்பி சும்மா இருக்காதீங்க, கொரோனாவுக்கு அப்புறம் தொற்றுநோயை விலக்கி பாலிசி எழுதறது சகஜமாயிருச்சு. இன்னொண்ணு, உங்க மாமியாரும் வீட்ல இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்த மூணு நாளும் அவங்களை வேற வீட்ல வச்சிருங்க. நடு முத்தம் இருக்கற வளவு திறந்த இடம்தான், ஆனா லைட்டு வச்சு கதவைச் சாத்திட்டா ஹால் மாதிரி இருக்கற பட்டாலை அப்படி இல்ல.

கேள்வி: ஒருத்தருக்கு காய்ச்சல்னா அந்த ஜோடியை வெளியேத்திட்டு மத்தவங்களை வச்சு ஓட்ட வேண்டியதுதானே? - ஒரு வாசகர், தேவகோட்டை

ஒரு ஜோடின்னா ஓட்டலாம். ஆனா அந்த ஜோடி நேத்து ஃப்ளைட்ல யார் பக்கத்துல உக்காந்துச்சு? தோத்த ஜோடிங்களையும் இந்த மாதிரி ஷோவுல உடனே ஊருக்கு அனுப்பறதில்ல, ரிசல்ட் வெளிய தெரிஞ்சிரும்னு ஒரே இடத்துல தங்க வைக்கிற வழக்கம் இருக்கு. காய்ச்சல்காரரையும் அங்கயே கொண்டு போய் விட்டா ஏற்கனவே தோத்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறவங்களுக்கு ஃப்ளூ வேற. தனி ரூம், தனி வண்டி எல்லாம் முதல்லயே பட்ஜெட்ல இருக்கணும், நான் பார்த்த பட்ஜெட்ல எல்லாம் அது இருந்ததில்ல.

கேள்வி: நெஜமாவே நோயால நின்னு போன ரேஸ் ஷோ இருக்கா? - ஒரு வாசகர், பள்ளத்தூர்

இருக்கு, ஆனா அது ஃப்ளூ இல்ல, கொரோனா. அமெரிக்காவுல 2001லருந்து வர்ற 'தி அமேசிங் ரேஸ்' ஷோவோட 33வது சீசன். 2020 பிப்ரவரில ஆரம்பிச்சு மூணு கட்டம் முடிச்ச நிலையில அந்த மாசக் கடைசியிலயே நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்ப ஆரம்பிச்சது 2021 செப்டம்பர்ல, ஒன்றரை வருஷத்துக்கு மேல. அதுக்குள்ள நாலு ஜோடியால வர முடியல, ஏற்கனவே வெளிய போன ரெண்டு ஜோடியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. டிக்கெட் கவுண்டர்ல சண்டை போட்டு ஃப்ளைட் பிடிக்கிறதுதான் அந்த ஷோவோட உயிர், அதையும் விட்டுட்டு வாடகைக்கு ஒரு போயிங் 757 எடுத்து எல்லாரையும் ஒண்ணா ஏத்திட்டுப் போனாங்க. 2022 ஜனவரில ஒளிபரப்பாச்சு. எனக்கு அந்தத் தனி ஃப்ளைட் ரசிக்கல, பாதி ரேஸே போச்சு, ஆனா வேற வழி இல்லன்னும் தெரியுது.

நம்ம நாட்டுல 2009 பன்றிக் காய்ச்சல் சமயம் ஞாபகம் இருக்கா, ஆகஸ்ட்ல பூனாவுல ஸ்கூல், தியேட்டரை எல்லாம் மூடினாங்க. அந்த மாதிரி உத்தரவு வந்தா ஷூட்டிங் பெர்மிஷனும் கூடவே போயிரும்.

கேள்வி: தினம் மிளகு ரசம் கொடுத்தா யூனிட்டுக்கு ஃப்ளூ வராதுதானே? - ஒரு வாசகி, காரைக்குடி

தொண்டைக்கு இதமா இருக்கும் ஆச்சி, தாராளமா கொடுங்க, ஆனா அது தடுக்கும்னு நம்பி இருமறவரை பக்கத்துல உக்கார வைக்காதீங்க. யூனிட் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும்னா கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டாத்தான் உடம்புல பிடிக்கும். காய்ச்சல் வந்துட்டா, அதுவும் வயசானவங்க, மாசமா இருக்கறவங்க, ஆஸ்துமா, சுகர்காரங்கன்னா, டாக்டர் எழுதற ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும், மெடிக்கல்ல நாமளா வாங்கிப் போடற ஆன்டிபயாடிக் இதுக்கு ஒண்ணும் பண்ணாது.