ரவுட்டரில் டிஎன்எஸ் பூட்டு: வழக்குப் போடலாமா?

கேள்வி: மூன்று வருடமாக ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆபாசத் தளங்களுக்குப் போய்விடக் கூடாதென்று, ரவுட்டரிலேயே கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப டிஎன்எஸ் (1.1.1.3) போட்டு வைத்திருந்தேன். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை; இந்த வகை, ஆபாசத் தளங்களை வடிகட்டிவிடும். போன மாதம் ஏதோ அப்டேட் வந்தது. அதன்பின் அந்த செட்டிங்கையே காணோம். கஸ்டமர் கேரில் கேட்டால் “கம்பெனி பாலிசி சார்” என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் விண்ணப்பப் படிவத்தையும் பழைய பில்லையும் தேடி எடுங்கள். ரவுட்டரை நீங்கள் விலைக்கு வாங்கினீர்களா, அல்லது இணைப்போடு கொடுத்தார்களா? டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் பெரும்பாலும் அது அவர்கள் சொத்து. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற கதைதான். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், வாடிக்கையாளர் தன் சொந்த ரவுட்டரை மாட்டிக்கொள்ளச் சட்டமே உரிமை தருகிறது. இங்கே அப்படி வெளிப்படையான சட்டம் இல்லை. யூடியூபைப் பார்த்து ‘சூப்பர் அட்மின்’ (நிறுவனத்துக்கான முழுக் கட்டுப்பாட்டு) பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையாதீர்கள். உரிமையாளர் அனுமதியில்லாமல் நுழைந்ததாக, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவை உங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள்.

ஆனால் பெட்டி அவர்களுடையது என்பதால் இணையமும் அவர்களுடையதாகிவிடாது. லேப்டாப்பின் வைஃபை செட்டிங்கில் 1.1.1.3 என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வடிகட்டல் வேலை செய்தால், பூட்டு ரவுட்டரில் மட்டும்தான், வழக்கு பலவீனம். வேலை செய்யவில்லை, 53-வது போர்ட் (டிஎன்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வழி) வழியே போகும் டிஎன்எஸ் கேள்விகளை நடுவழியில் பிடித்துத் தங்கள் சர்வருக்கே திருப்புகிறார்கள் என்றால் விஷயம் வேறு. 2018 செப்டம்பரில் இணைய நிறுவனங்களின் உரிமத்தில் சேர்க்கப்பட்ட இணையச் சமவாய்ப்பு (நெட் நியூட்ராலிட்டி) நிபந்தனை, உள்ளடக்கத்தில் பாகுபாடு, தடை, குறுக்கீடு கூடாது என்கிறது. ‘உள்ளடக்கம்’ என்பதில் செயலிகளும் சேவைகளும் அடக்கம். டிஎன்எஸ்ஸும் ஒரு சேவைதானே என்பது என் வாதம். “அரசு தடைசெய்த தளங்களை மறைக்கத்தான்” என்று பதில் வரலாம். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி வரும் தடை உத்தரவு குறிப்பிட்ட தளங்களுக்குத்தான். நீங்கள் விரும்பும் டிஎன்எஸ்ஸையே முடக்க அது போதாது.

எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். போன் பேச்சு எதற்கும் உதவாது. திருப்தியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே, சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஒரு நுணுக்கம்: ‘ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று வாதிட்டால் மாநில ஆணையத்துக்கு அலைய நேரும். முன்பு இருந்த வசதியைச் சொல்லாமல் பிடுங்கிவிட்டார்கள், இது சேவைக் குறைபாடு என்ற அளவில் நிறுத்தினால் மாவட்ட ஆணையமே போதும். அப்டேட்டுக்கு முந்தைய ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா?

லேப்டாப்பில் வேலை செய்தது என்றால், என்னைக் கேட்டால் வழக்கே வேண்டாம். சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அவர்கள் பெட்டிக்குப் பின்னால் மாட்டி, டிஎன்எஸ்ஸை அதில் போடுங்கள். வக்கீல் ஃபீஸைவிட மலிவு.