ஆஃபர் லெட்டரும் பிங்க் புக்கும் ஒரே மாதத்தில்

கேள்வி: எனக்கு 23 வயது. எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்த கையோடு மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, 3 வாரத்தில் சேர வேண்டும். இப்போது 11 வாரக் கர்ப்பம். வாந்தி நிற்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் போய்வர வேண்டும். "பிள்ளை பிறக்கட்டும், வேலை எங்கே ஓடிப்போகுது" என்கிறார் மாமியார். சேரலாமா டாக்டர்?

பதில்: சேரலாம். உங்கள் மாமியார் அக்கறையில் சொல்கிறார், ஆனால் ரப்பர் தோட்டத்தில் நிறைமாதம் வரை பால் மரம் வெட்டிய பாட்டிகள் பலர் வீட்டில் உண்டு (அது நல்லதென்று சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் செய்தார்கள்). ஆரோக்கியமான கர்ப்பத்துக்கு வேலை எதிரி இல்லை. எந்த மாதிரி வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் விஷயம் வேலைக்குச் சேரும் முன்பே வரும். மெடிக்கல் செக்-அப்புக்கு அனுப்பினால், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடும்போதே கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரேயைத் தள்ளிவைப்பார்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? கலங்க வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரேயில் கருப்பைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு.

அப்புறம் ரசாயனம். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்க சிப் தொழிற்சாலைகளில் நடந்த ஆய்வுகள், எத்திலீன் கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான்களோடு வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று காட்டின, அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டன. எல்லா வேலையும் ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை, இன்ஜினியர்கள் பாதி நேரம் கணினி முன்தான் இருப்பார்கள். ஆனாலும் ஆஃபர் கையெழுத்தானதும் எச்.ஆரிடமும் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுங்கள், கையாளப்போகும் பொருள்களின் பாதுகாப்புத் தாள்களை (safety data sheet) கேட்டு வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மறைத்து வைத்தால் எந்த இடத்தில் உங்களை நிறுத்தக்கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முடிந்தவரை பகல் ஷிப்ட் கேளுங்கள். நீண்ட நேரம் நிற்கும் வேலை என்றால் இடையிடையே உட்கார வழி வேண்டும்.

கிளீன்ரூமில், அதாவது சிப் செய்யும் தூசியில்லா அறையில், வேலை செய்யும் பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது வேறு ஒன்று. தலை முதல் கால் வரை அந்த உடுப்பைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை, அதனால் டாய்லெட் போகாமல் அடக்குவார்கள், போக வேண்டாமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவத்துக்கே காரணமாகலாம். சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் போய்விட்டு வாருங்கள்.

வாந்தி பலருக்கு 16 வாரத்துக்குள் குறைந்துவிடும். வெறும் வயிற்றில் பஸ் ஏறாதீர்கள், ரெண்டு கிரீம் கிரேக்கர் மென்றுவிட்டு முன் சீட்டில் உட்காருங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறது, எடை இறங்குகிறது என்றால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பதிந்து பிங்க் புக், அதாவது கர்ப்பிணிக்கான பதிவுப் புத்தகம், போட்டாச்சா? இல்லையென்றால் இந்த வாரமே, 12 வாரத்துக்குள். இரும்புச்சத்து மாத்திரையைக் கேன்டீன் தே தாரிக்கோடு விழுங்க வேண்டாம், தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை: வெறும் வயிற்றில் போய், குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் இனத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம், புது வேலையில் லீவு கேட்கக் கூச்சப்பட்டு இதைத் தவற விடாதீர்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். சேரும்போது 14 வாரம், பிரசவத்துக்கு இன்னும் சுமார் 26 வாரம் இருக்கும். பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் மொத்தம் 90 நாள் வேலையில் இருந்திருந்தால், கடைசி 4 மாதத்தில் எப்போதாவது வேலையில் இருந்திருந்தால், சம்பளத்தோடு 98 நாள் பிரசவ விடுப்பு உண்டு, 2023 ஜனவரி முதல் மலேசியாவில் இதுதான் சட்டம். புரொபேஷன் என்று சொல்லி இதை மறுக்க முடியாது, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், 3 மாதம் காத்திருந்து சேர்ந்தால் இது கிடைப்பதே சந்தேகம்.

ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விடாத தலைவலியோடு கண் மங்குதல், குழந்தை அசைவு குறைதல், இதில் எது வந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உங்கள் கணவருக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், குறைந்தது 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், அவரை இப்போதே காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.