‘லைவ் பேண்ட்’ என்று போர்டு இருந்தால் அங்கே போகாதீர்கள்

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் பெங்களூரு போய், நல்ல பேண்ட் வாசிக்கும் பாரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர ஆசை. போன முறை ‘லைவ் மியூசிக்’ விளம்பரத்தைப் பார்த்துப் போனோம். ஒரு பையன் லேப்டாப்பில் டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) ஓடவிட்டுப் பாடினான். பத்தரைக்கு டிஜே வந்துவிட்டார். பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. வெளியே வந்தால் ஆட்டோக்காரர், “லைவ் பேண்ட் பாரே இருக்கு சார், கூட்டிட்டுப் போறேன்” என்கிறார். நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: முதலில் அந்த ஆட்டோக்காரர் விஷயத்தை முடித்துவிடுவோம். நல்லவேளை, ஏறவில்லை.

பெங்களூரில் ‘லைவ் மியூசிக்’ வேறு, ‘லைவ் பேண்ட்’ வேறு. இரண்டாவதற்கு இந்த ஊரில் பல வருடங்களாகத் தனி அர்த்தம் உண்டு. இருட்டறை, சிறிய மேடை, கரோக்கி டிராக்குக்கு மைக் பிடித்து நிற்கும் பெண்கள், அவர்கள் முன்னால் நோட்டு வீசும் ஆண்கள். இசை அங்கே ஒரு சாக்கு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், “மேடத்துக்கு ஏதாவது குடுங்க சார்” என்று வெயிட்டர் காதருகில் குனிவார். கேட்காத தட்டுகள் வரும், கேட்காத தொகை பில்லில் ஏறும். அங்கே வேலை செய்யும் பெண்களைக் குறை சொல்லவில்லை, பில்லை எழுதுவது அவர்கள் இல்லை. ஆள் கொண்டுவந்து விடுகிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருப்பதால்தான், நீங்கள் கேட்காமலே ஆட்டோக்காரர் வழி சொல்கிறார். ஆட்டோக்காரர், லாட்ஜ் வாசலில் நிற்பவர், ‘நைட் லைஃப் டூர்’ என்று கார்டு நீட்டுபவர், யார் கைகாட்டும் பாருக்கும் போக வேண்டாம். இதில் விதிவிலக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதி அரசாங்கத்தின் கைங்கரியம். பெங்களூரு போலீஸ் கமிஷனரின் 2005-ஆம் ஆண்டு உரிம ஆணை, லைவ் பேண்ட், கேபரே (மேடை நடனம்), டிஸ்கோதே (டிஸ்கோ நடன அரங்கம்) மூன்றையும் ஒரே கூடையில் போட்டது. மூலையில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிப்பவரும் நோட்டு மழை பெய்யும் இருட்டறையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஜாதி. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று சொல்ல, அந்த ஆண்டே போலீஸ் உரிமம் கேட்டு வர, நகரின் பல பப்களில் மேடை காலியானது. டிஜேவை வைத்துச் சமாளித்த இடங்கள் உண்டு. கிட்டார்க்காரரைத் தெருவில் விட்டுவிட்டு எந்த ஒழுங்கைக் காப்பாற்றினார்களோ!

உங்களுக்கு இதனால் என்ன? இரண்டு விஷயம். ஒன்று, நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தாகலாம், அதனால் போகும் அன்றே போன் செய்ய வேண்டும். இரண்டு, இணையத்தில் சுற்றும் ‘பெங்களூரின் டாப் 10 லைவ் மியூசிக் பார்’ பட்டியல்களில் பாதி பழசு. இந்திராநகரின் ‘ஹம்மிங் ட்ரீ’ 2019-லேயே மூடப்பட்டது. அதைச் சிபாரிசு செய்யும் பட்டியல் கண்ணில் பட்டால், மற்ற ஒன்பதையும் படிக்க வேண்டாம்.

பட்டியலை விட்டு, டிக்கெட் விற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ் ஆகிய செயலிகளில் ஊரைப் பெங்களூரு என்று வைத்து ‘மியூசிக்’ பிரிவைப் பாருங்கள். அறிவிப்பில் வாசிப்பவரின் பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் வடிகட்டி. பேண்டின் பெயர், முதல் செட் (ஒரே மூச்சில் வாசிக்கும் சுற்று) நேரம், டிக்கெட் விலை மூன்றும் இருந்தால் அது இசை நிகழ்ச்சி. ‘சாட்டர்டே லைவ்! பாலிவுட், கோலிவுட், கமர்ஷியல்!’ என்று மட்டும் இருந்தால் அது டிஜே. ‘அன்பிளக்ட்’ என்றால் பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு குரல், கூடிப்போனால் கஹோன் என்கிற மரப்பெட்டித் தாளம். அதுவே சில சமயம் நன்றாக இருக்கும், ஆனால் முழு பேண்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் பார்த்த லேப்டாப் பையன் வேறு ரகம். ஒருவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ஐந்து பேர் சத்தம் கிடைக்கிறது என்பதால் பார்க்காரர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை.

பேண்டின் பெயரை யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ தேடி, ரசிகர் யாரோ போனில் எடுத்த வீடியோ ஒன்றைப் பாருங்கள். ஸ்டுடியோவில் மெருகேற்றிய வீடியோ எதையும் சொல்லாது. போனில் எடுத்ததில் டிரம்ஸ் செட் நிஜமாக இருக்கிறதா, பாடகரின் குரல் கேட்கிறதா, கூட்டம் மேடையைப் பார்க்கிறதா அல்லது முதுகைக் காட்டி நிற்கிறதா என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

அடுத்து போன். மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். சவுண்ட் செக் நடக்கிற நேரம், அன்றைய நிலவரம் தெரிந்தவர் எடுப்பார். இன்று யார் வாசிக்கிறார்கள், முதல் செட் எத்தனை மணிக்கு, முழு பேண்டா டிராக்கா, டிஜே எப்போது ஏறுவார் என்று கேளுங்கள். ‘யார்’ என்ற கேள்விக்கு “நல்ல பேண்ட் சார்” என்று பதில் வந்தால், அவருக்கே தெரியாது. போனை வைத்துவிடலாம்.

நேரக் கணக்கு ஒன்று சொல்கிறேன், போன முறை அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறீர்கள். எட்டு மணி என்று போட்டிருந்தால் முதல் செட் எட்டரை, எட்டே முக்காலுக்குத் தொடங்கும். ஒரு செட் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம், நடுவில் இருபது நிமிட இடைவெளி, அப்புறம் இரண்டாவது செட். அவ்வளவுதான். மொட்டைமாடி பாராக இருந்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பாரை மூட ஒரு மணி ஆகும் என்று நம்பி ஒன்பதரைக்குப் போனால் மாடியில் கடைசி இரண்டு பாட்டுதான் மிச்சம். நான்கு சுவருக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள், ஏழே முக்காலுக்கு உட்கார்ந்துவிடுங்கள்.

சனிக்கிழமையையும் விட்டுவிடுங்கள். வெள்ளி, சனி இரவுகள் டிஜேயின் ராஜ்ஜியம், பேண்டை ஓரமாக முடித்து அனுப்பிவிடுவார்கள். புதன், வியாழனில்தான் வாசிக்கிறவர்களுக்கு இடமும் கேட்கிறவர்களுக்கு நாற்காலியும் கிடைக்கும். லீவு போட முடியாது என்றால் ஞாயிறு மாலை.

எந்த இடம்? ஒயிட்ஃபீல்டில் ‘விண்ட்மில்ஸ்’: சொந்தமாக பீர் காய்ச்சுகிற இடம், ஜாஸுக்கென்றே அமைத்த அரங்கம், உட்கார்ந்து கேட்கலாம். கோரமங்களாவில் ‘கில்லீஸ்’ வளாகத்தில் உள்ள ‘ஃபேண்டம்’: நின்று கேட்கும் கூட்டம், இளவட்டம். ஓசூர் ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கிட்ட இருப்பது இதுதான். செயின்ட் மார்க்ஸ் ரோடு ‘ஹார்ட் ராக் கஃபே’: ராக் பாடல்கள், எல்லோருக்கும் பழகிய மெனு. பிரிகேட் ரோட்டை ஒட்டிய ‘பெக்கோஸ்’ பற்றிப் பலர் சொல்வார்கள். 1989-லிருந்து இருக்கும் அருமையான ராக் பார், ஆனால் அதன் பெருமை ஒலிபெருக்கியில் ஓடும் பழைய ராக் பாட்டு. பேண்ட் தேடுகிறவர் அதை நம்பிப் போக வேண்டாம்.

இப்போது பில். வாசலில் வாங்குகிற கவர் சார்ஜ் இரண்டு வகை. சாப்பாட்டு பில்லில் கழித்துக்கொள்வது ஒன்று, வெறும் நுழைவுக் கட்டணம் இன்னொன்று. ‘ஃபுல் கவர்’, அதாவது முழுத் தொகையும் பில்லில் கழியும் என்று வாயால் சொன்னால் போதாது, கைப்பட்டையிலோ கூப்பனிலோ தொகை எழுதியிருக்க வேண்டும். தலைக்கு ஆயிரம் என்று இரண்டாயிரம் கொடுத்தீர்கள், சாப்பாடு 1,200, பீர் 1,400 என்று வையுங்கள். மொத்தம் 2,600. கவர் போக 600. சாப்பாட்டுக்கு மட்டும் 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 60 ரூபாய். பீர் மீது ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கும் சேர்த்துப் போட்டிருந்தால் கேளுங்கள். அதன் கீழே ‘சர்வீஸ் சார்ஜ் 10%’ என்று 260 ரூபாய் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கேட்காமல் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வதாகச் சொல்லுங்கள். முக்கால்வாசி மேனேஜர்கள் அந்த எண்ணைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவார்கள்.

ஒரு விதிவிலக்கு, இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். செயலியில் வாங்கிய நிகழ்ச்சி டிக்கெட் கவர் அல்ல. அது பில்லில் கழியாது, கழிக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்ற நியாயத்தை டிக்கெட்டுக்கும் நீட்டாதீர்கள். வாசிக்கிறவர்களின் கூலி பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது. டிக்கெட்டில் ‘ஒரு பானம் உட்பட’ என்று இருந்தால் அந்த ஒரு பானம் மட்டும் உங்களுடையது. அதற்குப் பதில் சமோசா கேட்டால் கிடைக்காது. டிக்கெட் இருந்தும் வாசலில் தனியாகக் கவர் கேட்டால் மட்டும் அறிவிப்பைத் திறந்து காட்டி வாதாடுங்கள். நிகழ்ச்சி ரத்தானால் பணத்தைச் செயலியில் திரும்பக் கேளுங்கள், “பில்லில் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்பதற்குத் தலையாட்டாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் ‘கெஸ்ட்லிஸ்ட்’டில் (விருந்தினர் பட்டியலில்) பெயர் போட்டுத் தருகிறேன், பாதிப் பணத்தை ஜிபே பண்ணுங்கள் என்று வருகிறவர்கள் இன்னொரு வகைத் தரகர்கள். கெஸ்ட்லிஸ்ட் என்பது டிஜே இரவுக்குக் கூட்டம் சேர்க்கிற உத்தி. மேடையில் பேண்ட் ஏறும் இரவுக்கு டிக்கெட்தான் விற்பார்கள். தனிநபர் எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

உள்ளே போனதும் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் உள்ள மேசையைத் தருவார்கள், அது காலியாக இருப்பதே அதனால்தான். ஒலிப்பலகையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் பக்கத்து மேசையைக் கேளுங்கள். அவர் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் சத்தத்தை அமைக்கிறார், அங்கே குரலும் கிட்டாரும் தனித்தனியாகக் கேட்கும். சுவர் மூலையில் பேஸ் (அடிநாதம்) மட்டும் திரண்டு வயிற்றைக் குலுக்கும். பார் கவுண்டர் அருகே ஐஸ் உடைக்கிற சத்தம். கை நீட்டும் தூரத்தில் இருக்கும் மனைவியிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், காதுக்கு அது அதிகம். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காது அடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

காரை ஓசூரிலேயே விட்டுவிடுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. போகும்போது பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மஞ்சள் தட மெட்ரோவில் சில்க் போர்டு, பிறகு கோரமங்களாவுக்கு ஆட்டோ. திரும்ப மெட்ரோவை நம்பாதீர்கள், சில்க் போர்டில் கிருஷ்ணகிரி, சேலம் பஸ்களைப் பிடியுங்கள். கர்நாடக மது பாட்டிலைப் பையில் வைத்து மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்ட வேண்டாம், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் பேச்சுக்கே இடமிருக்காது.