கறள் பிடித்த கம்பி, உதிரும் கொங்கிரீட்: திருகோணமலை வீட்டுக்காரரின் கேள்விகளும் பதில்களும்

மாரி முடிந்து சுவர்கள் காய்ந்ததும் பீமிலும் சிலாப்பிலும் வெடிப்புகள் கண்ணில் படத் தொடங்கும். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கட்டடத் திருத்த வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா: விறாந்தை பீமின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு. மேசன் சீமெந்து பூசி மூடினார். ஒரு வருடத்தில் பூச்சோடு சேர்த்து உள்ளே இருந்ததும் விழுந்துவிட்டது. மேசனின் பிழையா?

பூச்சில் பிழை இல்லை அம்மா, பூசியதுதான் பிழை. வெடிப்பு கம்பி போகும் வழியே போனால் உள்ளே கம்பி கறள் கட்டுகிறது என்று அர்த்தம். கறள், அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்குதலைக் கொங்கிரீட் தாங்காது.

நல்ல கொங்கிரீட் கடும் காரத்தன்மை உடையது, பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு ஊறி ஊறிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. உப்பை உள்ளே வைத்துக்கொண்டு மேலே எத்தனை தடவை பூசினாலும் இதே கதைதான்.

அதே அம்மா: அப்படியென்றால் எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருத்த வேலைகளில் பாதி கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

முதலில் பீமுக்கு முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாமல் ஒரு சில்லுகூடக் கொத்தக்கூடாது. பிறகு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டிங்’ என்று கேட்கும், விட்டுப்போன இடம் பொள்ளென்று கேட்கும். பொள்ளென்று கேட்ட இடத்தைச் சோக்கால் சுற்றி வளையுங்கள். அந்த வட்டம் வெடிப்பைவிடப் பெரிதாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

கோட்டின் வெளியே நேர்கோடுகளாகக் கிரைண்டரால் 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டுங்கள். கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு மெலிந்து முடிந்தால் புதுப்பூச்சு அந்த ஓரத்திலிருந்தே உரியும். அப்புறம் உள்ளே கொத்துங்கள். கம்பியின் முன்பக்கம் தெரிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மில்லிமீற்றர் போக வேண்டும், விரல் நுழைந்து கம்பியைச் சுற்றி வரும் அளவுக்கு. நீளவாக்கில் கறள் இல்லாத சுத்தக் கம்பி தெரியும் வரை போய், அதற்கு மேலும் 50 மில்லிமீற்றர்.

உப்பால் வந்த கறள் குழிகுழியாக அரித்திருக்கும். கம்பித்தூரிகை அந்தக் குழிக்குள் இறங்காது. மணல் வீச்சு இயந்திரம் கிடைத்தால் நல்லது. பிறகு நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர், அந்தத் தண்ணீரில் கழுவினால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

சுத்தமான கம்பியை அளந்து பாருங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 10 ஆக மெலிந்திருந்தால் பார்வைக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் குறுக்குப் பரப்பில் 30 சதவீதம் போய்விட்டது. அந்த நிலையில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் பழுதில்லாத கம்பியோடு போதிய நீளம் சேர்ந்திருக்கும்படி. அந்த நீளத்தைப் பொறியியலாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

பழைய கொங்கிரீட்டைத் தண்ணீர் குடிக்க விட்டு, மேற்பரப்பின் ஈரம் வற்றியதும் பொலிமர் கலந்த திருத்தச் சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி வையுங்கள். பள்ளம் பெரிதென்றால் பலகை அடித்து மைக்ரோ கொங்கிரீட் (பொடிச் சல்லி சேர்ந்த, இளகி ஓடும் கொங்கிரீட்) ஊற்றுவதே மேல். ஈரச்சாக்கு ஏழு நாள் இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், ஆள் வைத்து நனையுங்கள்.

நிலாவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்: நீங்கள் சொல்கிற மாதிரியே ஒழுங்காகச் செய்தோம் அண்ணா. திருத்திய இடம் நன்றாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் அதன் பக்கத்தில் வெடிக்கிறது.

கவலையாகத்தான் இருக்கும். முன்பு அரித்துக்கொண்டிருந்த இடம், தன்னை அறியாமலே பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. மின்வேதியியலில் அது அனோட்டு, அதாவது அரிபடும் முனை; பக்கத்துக் கம்பி கதோட்டு, அதாவது காக்கப்படும் முனை. நீங்கள் அதைச் சுத்தமாக்கியதும், சுற்றியுள்ள பழைய கொங்கிரீட்டில் மிச்சமிருந்த உப்பு அடுத்த இடத்தை அரிபடும் முனையாக்கிவிட்டது.

கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதைத் துறைமுக ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே ஏற்பாடு கொங்கிரீட்டுக்கும் உண்டு. சாந்தால் மூடிய சின்னத் துத்தநாகக் கட்டிகளைத் திருத்தும் பள்ளத்தின் ஓரமாகக் கம்பியில் கட்டி மூடுவார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். விலை கூடத்தான். ஆனால் கடலைப் பார்த்த விடுதிக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொத்துவதைவிட இது இலாபம்.

கறளை மாற்றும் திரவம் பூசினால் போதாதா?

போதாது. குழிக்குள் இருக்கும் உப்பை அது எடுக்காது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: பல்கனியின் அடியில் வெடிப்பு எதுவும் இல்லை. மேலே தரையில், சுவரோரமாக ஒரு கோடு மட்டும். விட்டுவிடலாமா?

விட வேண்டாம் தம்பி. இந்தக் கேள்விகளிலேயே என்னைப் பயமுறுத்தியது இதுதான். வெளியே நீண்டு நிற்கும் தட்டில் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்குவதும் மேல்பக்கம்தான். அந்தக் கம்பி சுவரோரத்தில் அறுந்தால் தட்டு முழுதாக ஒரேயடியாக விழும். இன்றைக்கே ஆட்களை ஏற விடாமல் மறியுங்கள், கீழேயும் யாரும் நிற்க வேண்டாம். கீழிருந்து முட்டுக்கொடுத்துவிட்டுப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மேசனை நம்பிச் செய்கிற வேலை இது இல்லை.

நகரத்துக்குள் பழைய வீடு, கடல் தூரம். உப்பா, வேறு காரணமா என்று எப்படிப் பிடிப்பது?

காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்லக் கொங்கிரீட்டின் காரத்தைக் குறைப்பதும் ஒரு காரணம். புதிதாகக் கொத்திய இடத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துப் பினோப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் காரணம் அதுதான். உப்புக்கு இந்தச் சோதனை உதவாது. அதற்குத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

சாம்பல்தீவில் புது வீடு கட்டப்போகிறோம். முன்னதாகவே என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்டதற்கு நன்றி. கடற்கரை மணல் வேண்டாம், உவர்க்கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். ஆற்றுமணல் என்று சொல்லி வந்து பறித்தாலும் நாக்கில் வைத்து உப்புப் பாருங்கள். வெளிப்புறத் தூண், பீம்களில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே குறைந்தது 40 மில்லிமீற்றர் கொங்கிரீட், கடலோரமென்றால் 50. அதற்குக் கவர் புளொக், அதாவது அந்த இடைவெளியைப் பிடித்து வைக்கும் சின்னக் கட்டைகள், கம்பியில் கட்டுங்கள். சல்லிக்கல்லை முட்டுக்கொடுத்தால் ஊற்றும்போது நழுவிவிடும்.

தண்ணீர்தான் பெரிய சண்டை. 50 கிலோ சீமெந்துப் பைக்கு 22 லீற்றருக்கு மேல் வேண்டாம், நனைந்த மணலில் இருக்கிற தண்ணீரையும் அதற்குள் கணக்கில் எடுங்கள். இறுக்கமாக இருக்கிறது என்று வேலையாட்கள் முணுமுணுப்பார்கள். இளக்குவதற்குத் தண்ணீர் ஊற்றாமல் அதற்கான கலவை மருந்தை வாங்கிக் கொடுங்கள். கொங்கிரீட் போடுகிற அன்று நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.